புரூப் பார்த்தவர் செய்த காரியம்

கதை எழுதுகிறவனுக்கு வரக்கூடிய துக்கங்கள் இரண்டு. ஒன்று, எழுதி அனுப்பியதைப் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவது. மற்றொன்று, திருப்பி அனுப்பாமல் அச்சுக்குக் கொடுத்துவிடுவது. முதல் துக்கம் இரண்டு நாளில் ஆறிப் போகும். இரண்டாவது ஆறவே ஆறாது. ஒரு சமயம், "அவன் தன் தலைவியை நினைத்துக் கொண்டு நிலா முற்றத்தில் உலாவினான்" என்று எழுதினேன். அச்சாபீஸில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துவிட்டார்கள். "அவன் தன் தலைவலியை நினைத்துக் கொண்டு நிலா முற்றத்தில் உலாவினான்" என்று வந்துவிட்டது. அந்த வாரமே ஒரு வாசகர், தலைவலிக்குச் சுக்குப் பற்றுப் போட்டுப் பார்க்கச் சொல்லிக் கார்டு எழுதியிருந்தார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் என்னவெல்லாமோ செய்ய நினைத்தேன். கடைசியில் ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு அடுத்த அத்தியாயத்தை எழுதப் போய்விட்டேன். எழுத்தாளர்களின் கோபம் சாதாரணமாக அவ்வளவில்தான் நிற்கும். ஆனால் புரூப்பைப் பார்த்து வந்த கோபத்தைப் பத்து வருஷம் ஆறவிடாமல் காப்பாற்றி, அதைக் கொண்டே ஒரு பெரிய காரியத்தைச் சாதித்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் டொனால்டு குனூத். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் கம்ப்யூட்டர் சாஸ்திரம் போதித்தவர்.

கம்ப்யூட்டர் என்றதும் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது யந்திரத்தைப் பற்றிய சமாசாரம் அல்ல. எழுதுகிறவனுக்கும் படிக்கிறவனுக்கும் இடையே உள்ள பழைய உறவைப் பற்றிய சமாசாரம்தான்.

குனூத் 1938-ஆம் வருஷம் மில்வாக்கி நகரில் பிறந்தார். 1962-ல், இருபத்து நாலு வயது மாணவராக இருக்கும்போதே, அடிசன்-வெஸ்லி என்ற பிரசுரக் கம்பெனியார் அவரை ஒரு புத்தகம் எழுதித் தரும்படி கேட்டார்கள். ஒப்புக் கொண்டு உட்கார்ந்தார். 1965-ல் எழுந்து பார்த்தபோது கையெழுத்துப் பிரதி 3,000 பக்கம் ஆகியிருந்தது. கையால் எழுதிய ஐந்து பக்கம் அச்சில் ஒரு பக்கமாகச் சுருங்கும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். பிரசுரகர்த்தர்களோ, ஒன்றரைப் பக்கம்தான் ஒரு பக்கமாகும் என்றார்கள். ஆக, ஒரு புத்தகம் ஏழு பாகத் திட்டமாக விரிந்துவிட்டது. 'கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதும் கலை' என்று பொருள்படும் அந்தக் கிரந்தத்தின் முதல் பாகம் 1968-லும், இரண்டாவது 1969-லும், மூன்றாவது 1973-லும் வெளிவந்தன. 1974-ல் அந்தத் துறையின் மிகப் பெரிய கௌரவமான டூரிங் பரிசு அவரைத் தேடி வந்தது.

அந்த முதல் பதிப்புகள் பழைய முறையில், ஈய எழுத்துக்களை வார்த்து அடுக்கி அச்சிடப்பட்டவை. கணிதச் சூத்திரங்களைக் கண்ணுக்கு இதமாக அடுக்குவது தனி வித்தை. மேலே ஒரு சின்ன எண், கீழே ஒரு சின்ன எண், நடுவே கோடு, பக்கத்தில் அடைப்புக்குறி எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார வேண்டும். அதைக் கற்றுத் தேர்ந்த தொழிலாளிகள் இருந்தார்கள். எழுபதுகளில் ஈயம் போய், படம் பிடித்து அச்சிடும் முறை வந்தது. தொழிலாளிகளும் அவர்களோடு வித்தையும் மெல்ல மறைந்தன. 1977 மார்ச்சு 30-ஆந் தேதி, இரண்டாம் பாகத்தின் புதிய பதிப்புக்கான புரூப்புகள் குனூத்தின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. பிரித்துப் பார்த்தார். எழுத்தும் இடைவெளியும் அவருக்குச் சகிக்கவில்லை. பதினைந்து வருஷம் உழைத்து எழுதிய புத்தகம் இப்படியா வெளிவர வேண்டும்?

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவர் வேறொரு புத்தகத்தின் புரூப்பைப் பார்த்திருந்தார். அது கம்ப்யூட்டரின் உதவியால் மிக நுண்ணிய புள்ளிகளைக் கொண்டு எழுத்துக்களை அமைத்த பக்கம். ஈய அச்சுக்கு அது இளைத்ததாகத் தோன்றவில்லை. புள்ளி வைத்தால் ஒன்று, வைக்காவிட்டால் பூஜ்யம், அவ்வளவுதான் சங்கதி. 'ஒன்றும் பூஜ்யமும் நம் தொழிலாயிற்றே! இதற்கு இன்னொருவரை ஏன் கெஞ்ச வேண்டும்?' என்று அவருக்குத் தோன்றியது. நூலைக் கீழே வைத்தார். அச்சுக் கோக்கும் புரோகிராம் ஒன்றை எழுத முனைந்தார்.

அந்தப் புரோகிராமுக்கு 'டெக்' என்று பெயரிட்டார். கலை என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லின் முதல் மூன்று எழுத்துக்கள் அவை. கடைசி எழுத்தைத் தொண்டையிலிருந்து காற்றோடு உச்சரிக்க வேண்டுமாம். அதைக் கேட்டு அமெரிக்கர்கள் திண்டாடினார்கள். 'எஃகு' என்று சொல்லப் பழகிய நமக்கு அவ்வளவு கஷ்டம் இராது.

1977 மே மாதத்தில் ஓர் இரவு கண்விழித்து, புரோகிராம் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை எழுதி முடித்தார். அதை மைக்கேல் பிளாஸ், பிராங்க் லியாங் என்ற இரண்டு மாணவர்களிடம் கொடுத்தார். "எல்லாம் தெளிவாக இருக்கிறது. கோடை விடுமுறையில் முடித்துவிடுங்கள்" என்கிற தோரணையில் சீனாவுக்குப் பிரயாணம் போய்விட்டார். திரும்பி வந்தபோது மாணவர்கள் ஒரு சிறு பகுதியைத்தான் முடித்திருந்தார்கள். அதுவே பெரிய சாதனை என்பதை, தாமே எழுத உட்கார்ந்த பிறகுதான் அவர் உணர்ந்தார். தெளிவாக எழுதிவிட்டோம் என்று நினைத்த ஒவ்வொரு இடத்திலும் அவர் யோசிக்காத கேள்விகள் முளைத்தன. ஒரு காரியத்தைத் திட்டமிடுகிறவன், செய்கிறவன், உபயோகிக்கிறவன், பிறருக்குக் கற்றுக் கொடுக்கிறவன் ஆகிய நாலு பேரும் முதலில் ஒருவனாகவே இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். ஒரு வருஷம் விடுப்பு எடுத்துக் கொண்டு தாமே எழுதினார்.

அதில் எத்தனை நுட்பம் வைத்தார் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அச்சுக் கோக்கிறவர் ஒரு வரியை நிரப்பியதும் அடுத்த வரிக்குப் போவார். ஐந்தாவது வரியில் சொற்கள் நெருங்கிப் பிதுங்கினாலோ, பல் விழுந்த வாய் போல் இடைவெளி விழுந்தாலோ, முதல் வரியைப் போய்த் திருத்த அவருக்கு நேரம் ஏது? டெக் அப்படிச் செய்வதில்லை. முழுப் பத்தியையும் வாசித்து, ஒவ்வொரு விதமாக வரி பிரித்தால் எத்தனை அவலட்சணம் சேரும் என்று மதிப்பெண் போட்டு, மொத்தத்தில் குறைவாக வரும் ஏற்பாட்டைத் தேர்ந்தெடுக்கும். குனூத்தும் பிளாஸும் 1981-ல் இந்த முறையை விளக்கி எழுதினார்கள். பழைய தொழிலாளியின் கண் பார்த்த வேலையை இப்படிக் கணக்காக மாற்றினார்கள்.

1978-ல் புரோகிராம் ஓடத் தொடங்கியது. கணித வித்வான்கள் தங்களுக்கும் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். ஊர் ஊராகப் பரவியது. கோபம் தீர்ந்தது, காரியமும் முடிந்தது என்று குனூத் தம் பெரிய நூலுக்குத் திரும்பியிருக்கலாம். அப்படித் திரும்பியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நடந்தது என்னவென்றால், இங்கிலாந்தைச் சேர்ந்த கம்ப்யூட்டர் மேதை டோனி ஹோர் அவரிடம் ஒரு யோசனை சொன்னார்: "உங்கள் புரோகிராமையே ஏன் புத்தகமாக வெளியிடக் கூடாது?" குனூத்துக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. புரோகிராம் எப்படி எழுத வேண்டும் என்று உலகத்துக்குச் சொல்லிக் கொடுக்கிறவர் அவர். ஆனால் அவருடைய சொந்தப் புரோகிராமைப் பிறர் படிக்கும்படி வெளியிடக் கூச்சமாக இருந்தது! சமையலைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவரிடம், "உங்கள் அடுக்களையைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேட்டது போல் ஆயிற்று.

இந்தக் கூச்சம் புரிய வேண்டுமானால் புரோகிராம் என்பது என்ன என்று தெரிய வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தானாக ஒன்றும் தெரியாது. இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய், பத்துத் தடவை செய் என்று வரி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வரிகளே புரோகிராம். யந்திரத்துக்கு அழகு, அலங்கோலம் என்ற பேதம் கிடையாது. எப்படிக் கிறுக்கியிருந்தாலும் கட்டளை சரியாக இருந்தால் செய்துவிடும். வில்லங்கம் மனிதனுக்குத்தான் வருகிறது.

கூட்டுக் குடும்பத்தில் தாத்தா எழுதி வைத்த கணக்கு நோட்டைப் பார்த்திருப்பீர்கள். 'மேற்படியாருக்கு 14. கீழத் தெரு பாக்கி 6. பழைய வகையில் வரவு.' தாத்தா இருக்கும் வரையில் எல்லாம் தெளிவு. அவர் கண்ணை மூடிய மறுநாள், மேற்படியார் யார், பழைய வகை எது என்று ஒருவருக்கும் தெரிவதில்லை. கூட்டல் ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் நோட்டு செத்துப் போய்விடுகிறது. புரோகிராம்களின் கதியும் இதுதான். எழுதினவர் வேலையை விட்டுப் போனதும், பின்னால் வருகிறவர் ஒரு வரியைத் தொடவும் அஞ்சுவார். எழுதினவரே ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், 'எந்த மடையன் எழுதியது?' என்று கேட்பதும் உண்டு.

உலகம் முழுவதும் இந்த வினையை அனுபவித்த சம்பவம் ஒன்று நமக்கு நினைவிருக்கும். அந்தக் காலத்தில் 80 பத்திகள் கொண்ட துளை அட்டைகளில்தான் கம்ப்யூட்டருக்கு விவரங்களைக் கொடுத்தார்கள். இடம் தங்கமாக இருந்ததால், 1965 என்று எழுதாமல் 65 என்று மட்டும் எழுதினார்கள். நாம் எழுதியது முப்பது வருஷம் கழித்தும் ஓடிக் கொண்டிருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. 2000-ஆம் வருஷம் நெருங்கியபோது, யந்திரம் அதை 1900 என்று எண்ணிக் கொள்ளுமோ என்ற திகில் பிறந்தது. கோடிக்கணக்கான பழைய வரிகளைத் தேடித் திருத்த வேண்டி வந்தது. நம் நாட்டு இளைஞர்களும் பெருந்திரளாக அந்த வேலையைச் செய்தார்கள். யாரோ எழுதி, யாரோ மறந்துபோன வரிகளைப் படித்துப் பொருள் கண்டுபிடிப்பது என்ன வேதனை என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

குனூத் தம் புரோகிராமை அடியோடு கிழித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி எழுதினார். முதலில் எழுதியது ஸ்டான்போர்டில் வழங்கிய ஒரு கம்ப்யூட்டர் மொழியில் இருந்தது. வேறு ஊர் யந்திரங்களுக்கு அது புரியாது. அது மட்டும் காரணமல்ல. இந்தத் தடவை, கூச்சமில்லாமல் பிறரிடம் காட்டக்கூடியதாக எழுத வேண்டும் என்று தீர்மானித்தார். அதற்காக ஒரு புதிய முறையையே வகுத்தார். 1984-ல் அதை விளக்கிக் கட்டுரை எழுதியபோது, இலக்கியம் போல் புரோகிராம் எழுதுவது என்று அதற்குப் பெயரிட்டார்.

முறை இதுதான். புரோகிராமை யந்திரத்துக்குக் கட்டளையாக எண்ணி எழுதாதே. ஒரு மனிதனுக்கு விளக்கம் சொல்வதாக எண்ணி எழுது. சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து எண் கொடு. ஒவ்வொரு பகுதியிலும் முதலில் என்ன செய்யப் போகிறோம், ஏன் செய்கிறோம் என்று உரைநடையில் சொல். பிறகு கட்டளைகளை எழுது. யந்திரத்துக்கு வேண்டிய வரிசையில் சொல்ல வேண்டாம். மனிதனுக்கு விளங்கும் வரிசையில் சொல். யந்திரத்துக்கு வேண்டியபடி அதைக் கலைத்து அடுக்கிக் கொடுக்க ஒரு துணைப் புரோகிராம். அழகிய புத்தகமாகக் கோத்துக் கொடுக்க இன்னொன்று. இந்த ஏற்பாட்டுக்கு 'வெப்' என்று பெயர் வைத்தார். கம்ப்யூட்டர்க்காரர்கள் இன்னும் கை வைக்காத மூன்றெழுத்துச் சொல்லாகத் தேடிப் பிடித்த பெயர் அது! பிற்பாடு வேறொரு வெப் வந்து உலகத்தையே வளைத்துக் கொண்டது தனிக் கதை.

புதிய டெக் 1982-ல் தயாராயிற்று. சுமார் 25,000 வரிகளும் விளக்கத்தோடு 1986-ல் ஒரு கனத்த புத்தகமாக வெளிவந்தன. ஓடுகிற யந்திரத்தின் உள்ளுறுப்புகளை முதல் திருகாணி முதல் கடைசித் திருகாணி வரை பொருள் சொல்லிக் காட்டிய புத்தகம். கடைசியில் அகராதி உண்டு. நடுநடுவே ஹாஸ்யமும் உண்டு.

மனுஷர் அதோடும் நிற்கவில்லை. 1978 முதல் தாம் செய்த தவறுகளையெல்லாம் நோட்டில் தேதிவாரியாகக் குறித்து வந்தார். இது மறதி, இது அவசரம், இது முட்டாள்தனம் என்று ரகம் பிரித்தார். எண்ணூற்றுக்கு மேற்பட்ட அந்தப் பட்டியலை 1989-ல் தம் பெயரிலேயே பிரசுரித்தார். சுயசரிதை எழுதும் பெரியவர்கள் பலரிடம் இந்தத் துணிச்சலை நான் கண்டதில்லை.

புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2 டாலர் 56 சென்டுக்குச் செக் அனுப்பினார். பதினாறை அடிப்படையாக வைத்து எண்ணும் கம்ப்யூட்டர்க் கணக்கில் 256 என்பதை நூறு என்றுதான் எழுதுவார்கள். ஆகவே அது அந்தக் கணக்கில் ஒரு முழு டாலர்! புரோகிராமில் பிழை கண்டால் பரிசு வருஷத்துக்கு வருஷம் இரட்டிப்பாகி 327 டாலர் 68 சென்டில் வந்து நின்றது. பெற்றவர்கள் அநேகமாகப் பணமாக மாற்றுவதில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக் கொண்டார்கள். மோசக்காரர்கள் அந்தச் செக்குகளின் படத்தைப் பார்த்துக் கணக்கு எண்ணைத் திருட ஆரம்பித்ததால், 2008-லிருந்து கற்பனைத் தீவு ஒன்றின் கற்பனை வங்கி பெயரில் பத்திரம் கொடுக்கத் தொடங்கினார். அதற்கும் மதிப்புக் குறையவில்லை.

இனி, இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்த கட்டத்துக்கு வருகிறேன். 1989-ல் டெக் உபயோகிப்பவர்கள் ஸ்டான்போர்டில் கூடியபோது, ஐரோப்பியர்கள் தங்கள் மொழிகளுக்கு எழுத்துக்கள் போதவில்லை என்று முறையிட்டார்கள். குனூத் இணங்கித் திருத்தினார். 1990-ல் மூன்றாம் பதிப்பு வந்தது. அத்துடன், இனிப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை என்று அறிவித்துவிட்டார். பிழை இருந்தால் திருத்தம் மட்டும் உண்டு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் பதிப்பு எண்ணில் ஒரு இலக்கம் கூடும்: 3.1, 3.14, 3.141 என்று. வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள 'பை' என்ற விகிதத்தை நோக்கி அது போய்க் கொண்டே இருக்கும், போய்ச் சேராது. 2021-ல் 3.141592653 ஆயிற்று. அடுத்த பரிசீலனைக்கு 2029 என்று தவணை வைத்திருக்கிறார். தம் காலத்துக்குப் பிறகு பதிப்பு எண் 'பை' என்றே ஆகிவிட வேண்டும், அதற்கு மேல் எஞ்சும் பிழைகள் பிழைகளல்ல, அதன் குணங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

இதென்ன பிடிவாதம் என்று தோன்றலாம். ஆனால் அவர் யாருடைய கையையும் கட்டவில்லை. வரிகளை எவரும் எடுத்துக் கொள்ளலாம், மாற்றலாம்; மாற்றியதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும் என்பதே நிபந்தனை. அப்படியே பலர் செய்தார்கள். லெஸ்லி லாம்போர்ட் டெக்கின் மேல் கட்டிய 'லேடெக்'தான் இன்று கணிதக் கட்டுரை எழுதுகிறவர்களின் கையில் புழங்குகிறது. 2004-ல் ஜொனாதன் கியூ வெளியிட்ட வாரிசு, உலக மொழிகளின் எழுத்துக்களையெல்லாம் ஏற்றுக் கொண்டது. நம் தமிழும் அதன் வழியாக அந்தப் பந்தியில் சௌகரியமாக உட்கார்ந்தது. மூலத்தைப் படித்துப் புரிந்து கொள்ள முடிந்ததால்தான் வாரிசுகள் பிறந்தன. தாத்தாவின் நோட்டு விளங்கினால் பேரன் கணக்கைத் தொடரலாம்.

ஆனால் இதற்குக் கொடுத்த விலையை மறைக்கக் கூடாது. ஒரு கோடையில் முடியும் என்று தொடங்கிய வேலை பத்து வருஷத்தை விழுங்கியது. 1973-ல் மூன்றாம் பாகம் வெளிவந்த அந்தப் பெரிய நூலின் நான்காம் பாகத்தில் முதல் புத்தகம் 2011-ல்தான் வந்தது, அடுத்தது 2022-ல். ஏழு பாகத் திட்டம் அதற்குள் நிறைவேறவில்லை. போதாக்குறைக்கு, அவர் வகுத்த இலக்கிய முறையையும் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் கைக்கொள்ளவில்லை. தவணைக்கு அஞ்சி வேலை செய்கிறவர்களுக்கு உரைநடை எழுத நேரம் எங்கே இருக்கிறது?

ஒரு நாவலாசிரியன், நாவலை நடுவில் நிறுத்திவிட்டு, மசி சரியில்லை என்று பத்து வருஷம் மசி காய்ச்சப் போனால் அவனை என்னவென்று சொல்வோம்? இந்தக் கேள்வியை நான் பல நாள் மனத்தில் போட்டுப் புரட்டினேன். இன்று எனக்குத் தோன்றுவது இது: அவர் நூலை நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போகவில்லை. புரோகிராம் எழுதுவது ஒரு கலை என்று மூன்று பாகங்களில் சொன்னவர், அது உண்மைதானா என்று தம்மையே சோதித்துக் கொள்ளப் போனார். சொன்னபடி நடந்து காட்டிய அந்தப் பத்து வருஷமும், எண்ணிக்கையில் சேராவிட்டாலும், அந்த நூலின் ஒரு பாகம்தான்.

1980-களில் டெக்குக்காக எழுதி வைத்த பக்கத்தை இன்றைய யந்திரத்தில் கொடுத்தால், அதே வரி அதே இடத்தில் பிரிந்து அதே பக்கம் வருகிறது. அன்றைய யந்திரங்கள் பழைய இரும்பாகிவிட்டன. அந்தக் காலத்துப் புரோகிராம்கள் அநேகமாகப் பெயர் தெரியாமல் மறைந்துவிட்டன. அவையும் யந்திரத்துக்குப் புரியும்படி எழுதப்பட்டவைதாம். இது மனிதனுக்கும் புரியும்படி எழுதப்பட்டது, ஆகையால் நின்றது.

இதைப் படித்துவிட்டுப் பிழை ஏதாவது கண்டால் வாசகர்கள் தாராளமாக எழுதலாம். ஆனால் 2 டாலர் 56 சென்டு மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். அந்த வழக்கத்தை நான் ஆரம்பித்தால், என் தலைவியைப் பற்றி யோசிக்க நேரமே இல்லாமல், தலைவலியோடுதான் உலாவ வேண்டியிருக்கும்.